ரப்பரை மாற்றச் சொன்னால் சிலிகான் பூசுகிறார்கள்

பழைய வேனில் முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் போனால் வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. மழை பெய்தால் டேஷ்போர்டு ஓரமாகத் தண்ணீர் இறங்கி, காலடி மேட் ஊறி, வண்டி முழுக்க ஈர நாற்றம். சரி, ரப்பரை மாற்றித் தாருங்கள் என்று பட்டறையில் கேட்டால், "எதுக்குங்க, மேலாப்ல சிலிகான் பூசிட்டாப் போதும்" என்கிறார்கள். போதாது! வெயிலில் காய்ந்து விறைத்து வெடித்த ரப்பருக்கு மேல் எதைப் பூசினாலும் தண்ணீர் வேறு வழி தேடும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் கீழ் மூலைகளில் தகரத்தை அரிக்கும். வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் என்றால் அதுவே துருவைக் கிளப்பும். அப்புறம் ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால், பெயின்டுக்கு அடியில் தகரம் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது.

முறையான வேலை ஒன்றும் மந்திரமில்லை. துருவைச் சுரண்டி, பெயின்டுக்கு அடியில் பூசும் பிரைமர் அடித்து, புது ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, ரப்பரின் வெளிப் பள்ளத்தில் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, இன்னொருவர் உள்ளேயிருந்து கயிற்றை இழுத்தால் ரப்பரின் உதடு வண்டியின் தகர விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிடும். இதற்குப் பொறுமையில்லாமல் ஸ்குரூடிரைவரால் நெம்பி ஓரத்தில் விரிசல் விழவைத்துவிட்டு, "பழைய கண்ணாடிங்க, அப்படித்தான்" என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.