ஒரு நாள்தானே?

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு முக்கத்தில், போரில் இறந்த நம்மூர்ப் பட்டாளத்துக்காரரின் நினைவுத்தூணில் கல்யாண பேனர் கட்டியதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டீர்கள். "கல்யாண வீடு, ஒரு நாள்தானே, விடுங்க." சரி, நானும் சொல்லிவிடுகிறேன்.

அது பேனர் கட்டுகிற கம்பம் இல்லை.

நினைவுத்தூணைச் சுற்றியுள்ள கம்பிவேலியில் கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டிய ஃபிளெக்ஸ். மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் போட்டுச் சிரிக்கிறார். அவருடைய இடதுகால் ஷூவுக்குப் பின்னால்தான் '1971' என்று கல்லில் வெட்டியிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பேனர் இல்லாத நாளாகப் பார்த்துப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 3 முதல் 16 வரை பாகிஸ்தானோடு நடந்த போர் அது. இங்கே சம்பா கதிர் முற்றிக்கொண்டிருந்தபோது அவர் பாகிஸ்தான் எல்லையில் ஷகர்கர் பக்கம் மெட்ராஸ் ரெஜிமென்டோடு இருந்தார். அப்போதெல்லாம் உடலை ஊருக்கு அனுப்புகிற வழக்கம் இல்லை. போர்முனையிலேயே காரியத்தை முடித்துவிடுவார்கள், வீட்டுக்குத் தந்தி வரும். கார்கிலில்தான் அது மாறியது. திருச்சி மேஜர் சரவணன் 1999 மே 29 அன்று பட்டாலிக்கில் இறந்தார். மலையிலிருந்து உடலை எடுக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, ஆனாலும் வீடு வந்து சேர்ந்தது. நம்மூர்க்காரருக்கு அதுவும் இல்லை. அவர் தங்கச்சி மாலை போட்டு அழ வேண்டுமென்றால் அந்தத் தூண்தான். அது சமாதி ஐயா, சமாதி! உங்கள் அப்பா சமாதியில் கட்டுவீர்களா மாப்பிள்ளை பேனரை?

என் சித்தப்பா பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். லீவில் வரும்போதெல்லாம் வாசலில் கூட்டம் நிற்கும். நலம் விசாரிக்க இல்லை, மிலிட்டரி கேன்டீன் கோட்டா பாட்டிலுக்கு. "மிலிட்டரிக்காரரே, எங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" பட்டாளத்தைப் பற்றி இந்த ஊர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். சியாச்சினில் விரல் மரத்துப்போன கதையை அவர் சொல்ல ஆரம்பித்தால் எல்லோருக்கும் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற நேரமாகிவிடும். அந்த மனிதர்தான் ஞாயிற்றுக்கிழமை போய், "தம்பி, கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கப்பா" என்று தன்மையாகக் கேட்டார். "பெருசு, கல்லுதானே, அதுக்கு வலிக்குமா?" என்று சிரித்திருக்கிறார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் அவர் கையால் பாட்டில் வாங்கியவர்களின் பிள்ளைகள்.

"தலைவர்கள் சிலைக்குப் பக்கத்திலும்தான் கட்டுகிறார்கள்" என்பீர்கள். பக்கத்தில் கட்டுவீர்கள், சிலைமேல் ஒரு நூலைக் கட்டிப் பாருங்களேன். கூண்டு போட்டு, போலீஸ் நிறுத்திக் காக்கிறார்கள். கை வைத்தால் பஸ் ஓடாது என்ற பயம். இவருக்காகப் பஸ்ஸை மறிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"டில்லியில் தேசிய போர் நினைவிடத்தில் பெயர் இருக்கிறதே" என்று ஒரு அறிவாளி எழுதியிருந்தார். 2019இல் திறந்த இடம், நல்ல இடம்தான். எழுபதைத் தாண்டிய தங்கச்சிக்கு நீங்களே டிக்கெட் போட்டுக் கொடுங்கள்.

போரைப் புகழ்கிறேனாம். யார் புகழ்ந்தது? போரைப் புகழ்கிறவன் இறந்தவனை மறைத்ததற்கா சண்டை போடுவான்?

அப்புறம் நேரில் கேட்காமல் காதோடு காதாகக் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "அவர் இவன் ஆளா?" இல்லை. என் ஆள் இல்லை. என் ஆளாக இருந்திருந்தால் மட்டும்தான் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று நினைக்கிற ஊரில் தூண் எழும்பியதே ஆச்சரியம். அதுவும் மாஜி ராணுவத்தினர் பென்ஷனிலிருந்து பணம் போட்டுக் கட்டியது. ஊர்ப் பணம் என்று யாரும் மீசையை முறுக்க வேண்டாம்.

விவசாயி சாகவில்லையா என்றும் கேட்கிறார்கள். சாகிறான். இவரும் கடைமடை விவசாயி வீட்டுப் பிள்ளைதான். மேட்டூரைத் திறந்தாலும் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும் லட்சணம் உங்களுக்கே தெரியும். வயல் சோறு போடாததால்தான் இந்தப் பக்கத்துப் பையன்கள் ஆள் எடுப்புக்கு ஓடினார்கள், இன்றைக்கும் ஓடுகிறார்கள். அதற்கு ஒரு பேனர் வையுங்கள், நானே வந்து கட்டுக்கம்பி முறுக்குகிறேன்.

திங்கட்கிழமை பேனரை அவிழ்த்துவிட்டார்கள், பிரச்சனை முடிந்தது என்கிறார்கள். முடியவில்லை. கம்பியை இழுத்ததில் கல்லின் ஓரம் பெயர்ந்திருக்கிறது, வேலி ஒரு பக்கம் வளைந்து நிற்கிறது. கல்தச்சர் கூலியையும் வெல்டிங் கூலியையும் கல்யாண வீட்டார் கொடுக்கட்டும். சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் குழுவில் ஓட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.