மட்டக்களப்பு எந்தப் பக்கம் வளரவேண்டும்?

நகரப் புவியியல் படித்தவர்களுக்கு, நகரம் எப்படி வளர்கிறதென்று காட்ட சமூகவியலாளர் பேர்ஜஸ் வரைந்த வட்டங்கள் நினைவிருக்கும். 1925இல், சிக்காகோவை வைத்து வரைந்தது. நடுவில் கடைத்தெருவும் அலுவலகங்களும், அதைச் சுற்றித் தொழிற்சாலைகளும் பழைய வீடுகளும், அப்புறம் தொழிலாளர் குடியிருப்பு, வெளியே போகப் போக வசதியானவர்கள். நம்முடைய ஊரில் அப்படி வட்டம் போட இடம் ஏது? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி, நடுவில் மணல் திட்டு. அதனால் மட்டக்களப்பு றோட்டைப் பிடித்துக்கொண்டு நீளமாக வளர்ந்தது. பாலம் தாண்டினால் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி. ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குவதைப் பெயர்ப்பலகை பார்த்துத்தான் அறியவேண்டும்.

இந்த வளர்ச்சி தானாக நடந்ததென்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1924இல் கல்லடியில் இரும்புப் பாலம் போட்டார்கள், ஊர் கடற்கரைப் பக்கம் நகர்ந்தது. 1928இல் ரயில் வந்தது, கோட்டைமுனைப் பக்கம் ஆள் நடமாட்டம் கூடியது. அம்பாறையைப் பாருங்கள். 1949இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கியிராவிட்டால் அந்த நகரமே இன்றைய உருவில் இருந்திருக்காது. 1961இல் அது தனி மாவட்டத்தின் தலைநகராகவும் ஆகிவிட்டது. பாலமும் அணையும் அரச அலுவலகமும் எங்கே வருகின்றனவோ, அங்கே கடையும் வீடும் வந்து சேரும். அந்த முடிவை யாரோ ஒருவர் மேசையில் இருந்து எடுக்கிறார்.

அதனால்தான் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், நகர நடுவான புளியந்தீவில் உள்ள கோட்டையிலிருந்து திராய்மடுவுக்குப் போனதைப் பற்றி நாம் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கவேண்டும். போர்த்துக்கேயர் 1628இல் கட்டத் தொடங்கி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. பிறகு அதற்குள்ளேதான் நெடுங்காலம் கச்சேரி இயங்கியது. காணிப் பிரச்சினைக்கோ பதிவுக்கோ புளியந்தீவுக்கு வந்தவர் காரியம் முடிந்ததும் பாங்குக்குப் போனார், மருந்து வாங்கினார், பிள்ளைக்குச் சப்பாத்து பார்த்தார், ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு பஸ் ஏறினார். ஒரு நகரத்தின் நடுப்பகுதி உயிரோடு இருப்பது இப்படிப்பட்டவர்களால்தான். கச்சேரியை மாற்றியது தவறென்று நான் சொல்லவில்லை. கோட்டைக்குள் இடநெருக்கடி, வாகனம் நிறுத்த இடமில்லை. திராய்மடுவில் சுனாமிக்குப் பிறகு நாவலடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கும் பக்கத்தில் ஓர் அலுவலகம் கிடைத்திருக்கிறது. நல்லது. ஆனால் ஓர் இடத்திலிருந்து ஆயிரம் பேரின் அன்றாட வரவை எடுக்கும்போது, அதற்குப் பதிலாக அங்கே என்ன வைக்கப்போகிறோம் என்பதையும் அன்றே முடிவுசெய்யவேண்டும். கோட்டையில் நல்ல அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், மாலையில் குடும்பங்கள் வந்து உட்கார வாவிக்கரை. புளியந்தீவுக்கு இவை அலங்காரமல்ல, பிழைப்பு.

நடுப்பகுதி வெறுமையானால் என்னவாகும் என்பதை டெட்ரொயிட் காட்டியிருக்கிறது. 1950இல் பதினெட்டு இலட்சத்துக்கு மேல் சனம் இருந்த கார் நகரம், 2020இல் ஆறரை இலட்சத்துக்கும் கீழே. கார்த் தொழில் சுருங்கியதோடு, இயன்றவர்கள் புறநகருக்குப் போனார்கள், வரி குறைந்தது, வரி குறைந்ததும் தெருவிளக்கும் பள்ளிக்கூடமும் கெட்டன. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வாழைச்சேனைக் காகித ஆலை நின்ற நேரங்களில் அந்தச் சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் வேறு. றோட்டோரம் இடம் முடிந்துவிட்டதென்று இப்போது வாவிக்கரையை நிரப்புகிறார்கள். டிப்பரில் கிரவல் வருகிறது, கண்டல் போகிறது, ஆறு மாதத்தில் மதில் எழும்புகிறது. அந்தப் பள்ளக்காணிகள் சும்மா கிடந்தவையல்ல. மாரியில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து இறங்கும் வெள்ளம், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிடும்வரை நிற்பதற்கு அவைதான் இடம். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த யாருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. நிரப்பியவருடைய வளவு உயர்ந்துவிடும், தண்ணீர் பக்கத்து ஏழை வீட்டுக்குள் போகும். இது எந்தச் சாதி, எந்த மதத்துக்காரர் செய்தாலும் அநியாயம்தான். இதைச் சமூகச் சண்டையாக மாற்றுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சரி, வளரும் சனத்துக்கு எங்கே இடம்? என் பதில் படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது, வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்துக்கிடந்த காலம் அங்கே முடிந்தது. வலையிறவுப் பாலத்தால் வவுணதீவு நகரத்துக்கு மிகக் கிட்ட. பாலம் வந்தும் ஆட்கள் ஏன் இந்தப் பக்கமே வருகிறார்கள்? நல்ல ரியூசன் இங்கே, விசேட வைத்தியர் இங்கே. நெல் அங்கே விளைகிறது, அதை அரிசியாக்கி விற்கும் இலாபத்தில் பெரும்பங்கு இங்கே தங்குகிறது. மகள் ஏ.எல். எடுக்கும் வருடத்தில் குடும்பமே கல்லடியில் வாடகைக்கு வந்துவிடுகிறது. அவர்களை நான் குறைசொல்லமாட்டேன், நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கொக்கட்டிச்சோலையும் வெல்லாவெளியும் வவுணதீவும் முழு வசதியுள்ள சிறு நகரங்களாகவேண்டும். உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர்கள், இரவிலும் வைத்தியர் இருக்கும் ஆஸ்பத்திரி, நெல்லுக்கு ஆலையும் களஞ்சியமும், இருட்டிய பிறகும் ஓடும் பஸ். மேட்டுக்காணி எது, வெள்ளம் நிற்கும் காணி எது என்று வரைபடத்தில் பிரித்து, அந்த வரைபடத்தை ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சனம் பார்க்கும்படி தொங்கவிடவேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் நான் இந்த வரைபடத்தைத்தான் கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள்.