ஷிம்மைக் கையில் எடுக்கும் முன் மேசையைப் பாருங்கள்

அண்டுலேட்டர் என்பது எலக்ட்ரான் கற்றையை அலையலையாக ஆட்டி ஒளி எடுக்கும் காந்த வரிசை. அதன் ட்யூனிங் என்றாலே எல்லாருக்கும் ஷிம் என்ற மெல்லிய எஃகுத் தகடுதான் நினைவுக்கு வருகிறது. எந்தத் துருவத்தில் எத்தனை மைக்ரான் தகடு வைத்தால் ஃபேஸ் பிழை (ஒளி அலைகள் துருவத்துக்குத் துருவம் படி தவறும் அளவு) எவ்வளவு இறங்கும் என்பதுதான் பேச்சு. என்னைக் கேட்டால் ஷிம் கடைசி வேலை. காந்தத்தின் தலையில் நாம் கட்டும் பிழைகள் பல, அளக்கும் மேசையில் பிறந்தவை. இல்லாத பிழைக்குத் தகடு ஒட்டினால் அது நிஜப் பிழையாகிவிடும்.

சிகாகோ அருகே ஆர்கான் ஆய்வகத்தின் ஏ.பி.எஸ். எலக்ட்ரான் வளையத்துக்காகச் செய்த 'அண்டுலேட்டர் ஏ'யை எடுத்துக்கொள்வோம். பீரியட், அதாவது காந்த அமைப்பு திரும்ப வரும் தூரம், 33 மி.மீ., நீளம் 2.4 மீட்டர். நியோடிமியம் காந்தங்களுக்கு நடுவே வனேடியம் பெர்மெண்டூர் என்ற இரும்பு-கோபால்ட் உலோகத் துருவங்கள். இந்தப் பீரியடுக்கு, மேல் கீழ் தாடைகளுக்கு இடையிலான கேப் 10 மைக்ரான் மாறினாலே புலம் ஏறத்தாழ 0.1 சதவீதம் மாறும். காந்தம் ஒரு டிகிரி சூடேறினாலும் கிட்டத்தட்ட அதே 0.1 சதவீதம்தான். அதாவது அறையின் ஏ.சி. ஒரு டிகிரி ஆடுவதும் தாடையை 10 மைக்ரான் நகர்த்துவதும் ஒன்று. ஸ்டான்ஃபோர்டின் எல்.சி.எல்.எஸ். எக்ஸ்ரே லேசருக்குக் கே மதிப்பில் (புல வலிமையையும் பீரியடையும் சேர்த்துச் சொல்லும் எண்) அனுமதித்த பிழை பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்கு. அங்கே அளவு அறையை ±0.1 டிகிரிக்குள் வைத்ததை ஆடம்பரம் என்று சொல்லவே முடியாது.

சாதனம் முழுக்கச் சீராகச் சூடானால் கே மட்டும் மாறும், கணக்கில் திருத்திக்கொள்ளலாம். ஒரு முனை மட்டும் சூடாக இருந்தால்தான் வம்பு. அது அப்படியே கேப் சரிவு மாதிரி தெரியும். அதை நம்பி கேப்பைத் திருத்தினால், வெப்பம் சமமானதும் பிழை மறுபக்கம் திரும்பி நிற்கும். லாரியில் வந்து இறங்கிய சாதனத்தை ஒரு நாளாவது அறையில் ஊறவிடாமல் தொடக்கூடாது.

அடுத்தது ஹால் ப்ரோப், காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் அளக்கும் சென்சார். கிரானைட் மேசைமேல் காற்றுத் தாங்கியில் வழுக்கிப் போகும் வண்டி, அதன் நீட்டிய கையின் நுனியில் சென்சார். புலம் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் அது மைக்ரானுக்கு ஒன்றரை காஸ் வீதம் ஏறும். ஆகவே ஒவ்வொரு அளவையும் கடிகாரம் தூண்டக்கூடாது, வண்டியின் இடத்தைச் சொல்லும் என்கோடர்தான் தூண்ட வேண்டும். ஒரு சின்னச் சோதனை இருக்கிறது: முன்னோக்கி ஒரு ஓட்டம், பின்னோக்கி ஒரு ஓட்டம். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படியாவிட்டால் வோல்ட்மீட்டரின் தாமதத்தை இன்னும் திருத்தவில்லை என்று பொருள். உயரத்தையும் பாருங்கள். நடுத்தளத்தில்தான் புலம் மிகக் குறைவு. 0.2 மி.மீ. தள்ளிப் போனால் பத்தாயிரத்தில் ஏழு பங்கு கூடுதலாகக் காட்டும். துருவத்துக்கு நேரே ப்ரோப்பை மேலும் கீழும் ஓட்டி அந்தக் குறைந்த இடத்தைப் பிடித்த பிறகே நீள ஓட்டம்.

புலத் தொகையை, அதாவது நீளம் முழுக்கப் புலத்தைக் கூட்டிய மதிப்பை, மட்டும் ஹால் ப்ரோப்பிலிருந்து எடுக்காதீர்கள். ப்ரோப்பின் பூஜ்யம் அரை காஸ் நகர்ந்திருந்தால் 240 செ.மீ.க்கு 120 காஸ்-செ.மீ. ஆகிவிடும். வளையங்கள் வழக்கமாகக் கேட்பதோ 50, 100 என்ற அளவு. நீட்டிய கம்பியோ சுழல் சுருளோ கொண்டு அளந்து, ஹால் தரவை அதற்குப் பொருத்த வேண்டும். பூமியின் புலத்தையும் மறக்கக்கூடாது. 0.4 காஸ் என்று வைத்தாலே இந்த நீளத்துக்கு 96 காஸ்-செ.மீ. வருகிறது. இரும்புக் கம்பி போட்ட தரையும் பக்கத்து அலமாரியும் அதை மாற்றும். சாதனம் போய் உட்காரும் வளையச் சுரங்கத்தில் அது வேறு மாதிரி இருக்கும்.

இவ்வளவும் உறுதியான பிறகே ஷிம். தாழ்கரிம எஃகுத் தகடு, 0.1 மி.மீ. போன்ற கனம், காந்தத்தின் முகத்தில் ஒட்டுவது. அது காந்தப் பாய்வைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வதால் அந்த இடத்தில் புலம் குறையும். கத்தரித்த ஓரத்தில் பிசிறு நின்றால் கனம் மாறிப்போகும், வெற்றிடக் குழாயையும் கீறும். நுனியைத் தட்டித் தட்டையாக்கிவிட்டு, காந்தமற்ற இடுக்கியால் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் தகடு பறந்து பக்கத்துத் துருவத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஷிம்மின் பலன் கேப் திறக்கத் திறக்க வேகமாகக் கரையும். காந்தத்தின் சாய்வால் வரும் பிழை அதே வேகத்தில் கரையாது. 11 மி.மீ.யில் அழகாகச் சரிசெய்ததை 25 மி.மீ.யில் பார்த்தால் கற்றையைத் திருப்பும் உதைப்பு ஒன்று புதிதாக நிற்பது இதனால்தான். ஒரே கேப்பில் எடுத்த ஒரே ஃபேஸ் பிழையை வைத்துச் சாதனத்தை ஏற்றுக்கொள்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த எண் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. கற்றையின் ஆற்றல் பரவலைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், 8 டிகிரி பிழையில் முதல் ஹார்மோனிக், அதாவது அடிப்படை அதிர்வெண் ஒளி, பிழையில்லாத அளவில் 98 சதவீதம் நிற்கும், ஐந்தாவது 61க்கு இறங்கும், ஒன்பதாவது 21தான். 3 டிகிரி என்றால் ஒன்பதாவதும் 80 சதவீதம் கிடைக்கும். உயர் ஹார்மோனிக்கில் வேலை செய்பவருக்கு இது வாழ்வா சாவா. ஆனால் முழு வளையத்தின் கற்றையையும் அசைப்பது புலத் தொகை. 7 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் 100 காஸ்-செ.மீ. என்பது 4 மைக்ரோரேடியனுக்குச் சற்று மேலான திருப்பம். ஒரு பீம்லைன்காரர் (வளையத்திலிருந்து ஒளி எடுத்து ஆய்வு செய்பவர்) கேப்பை மாற்றும்போது மற்ற எல்லாருடைய ஒளியும் ஆடும்.

எனவே ஏற்பு அறிக்கையில் குறைந்தபட்சம் ஐந்தாறு கேப்புகளுக்கு, செங்குத்து, கிடைமட்டம் என இரண்டு திசைப் புலத்துக்கும், முதல் தொகையும் (கற்றை திரும்பும் கோணம்) இரண்டாம் தொகையும் (அது விலகும் தூரம்) கேளுங்கள். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 10 மி.மீ. வரை தொகை எப்படி மாறுகிறது என்ற வரைபடமும் வேண்டும். முனைகளில் சிறு காந்தங்கள் பொருத்தித் திருத்துவது அதைப் பார்த்துத்தான்.

வெற்றிடத்துக்குள் உட்காரும் அண்டுலேட்டருக்கு இது இன்னும் கறாரான விஷயம். காந்தங்களின் மேல் மெல்லிய செம்பு-நிக்கல் தகடு போர்த்துவார்கள். அதன் பிறகு ஷிம்முக்கு இடமில்லை, காந்தத்தைப் பிடித்திருக்கும் தாங்கியின் உயரத்தைத்தான் திருத்த முடியும். மேசையில் அளந்து முடித்து, பிரித்து, கலனுக்குள் மறுபடி கோர்க்கிறார்கள். அந்தக் கோர்ப்பில் என்ன நகர்ந்தது என்பதை மேசை சொல்லாது. ஜப்பானின் ஸ்பிரிங்-8 குழு கலனுக்குள்ளேயே ஹால் ப்ரோப்பை ஓட்டி, லேசரால் அதன் நிலையைத் திருத்தி அளக்கும் முறையைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். அந்த இரண்டாம் அளவுக்கான செலவை டெண்டரிலேயே தனி வரியாக எழுதிவிடுங்கள்.