பி.எம்.எஸ். இருந்தால் ஆல்டர்னேட்டருக்கு ஆபத்தில்லையா?

“லித்தியம் பேட்டரிக்குள் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுச் சுற்று) இருக்கிறது, தேவைப்பட்டால் அதுவே துண்டித்துவிடும், வேறு பாதுகாப்பு வேண்டாம்” என்று மோட்டார்ஹோம் (தங்கும் வசதியுள்ள வண்டி) வைத்திருப்பவர்களிடம் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு, இதை நம்பினால் செலவும் பெரிது.

பி.எம்.எஸ். காப்பது செல்களைத்தான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் ஒன்று 3.65 வோல்ட்டைத் தாண்டிப் போனால் அது சட்டென்று இணைப்பை அறுக்கும். அந்த நொடியில், என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் 80 ஆம்பியர் தந்துகொண்டிருந்தால்? அதன் காந்தப்புலம் உடனே அடங்காது. போக்கிடம் இல்லாத மின்சாரம் வோல்டேஜை எகிற வைக்கும். தடுப்பில்லாத 12 வோல்ட் அமைப்பில் அது 100 வோல்ட்டை நெருங்கலாம். அரை நொடிக்குள் அடங்கிவிடும்தான். ஆனால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகள் கருக அதுவே போதும்.

இதற்குத் தீர்வாக நான் முதலில் சொல்வது, என்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பேட்டரிக்கும் லித்தியம் பேட்டரிக்கும் நடுவில் வைக்கும் டிசி-டிசி சார்ஜர். அதை வைத்தால் ஆல்டர்னேட்டர் எப்போதும் ஸ்டார்ட்டர் பேட்டரியோடு இணைந்தே இருக்கும், லித்தியம் விலகினாலும் அந்த அடியை ஸ்டார்ட்டர் பேட்டரி வாங்கிக்கொள்ளும். லித்தியத்தை ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைத்தவர்களுக்கு, துண்டிக்கும் முன்பே ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குத் தகவல் அனுப்பி சார்ஜை நிறுத்தும் பி.எம்.எஸ். அவசியம். எகிறும் வோல்டேஜை அடக்கும் சர்ஜ் சப்ரஸர் கூடுதல் காப்பு.

சோலார் பேனலிலிருந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் சோலார் கன்ட்ரோலர் இருந்தால், அதிலும் பேனலைக் கழற்றிய பிறகே பேட்டரியைக் கழற்றுங்கள்.