ஊசி முறிந்தால் முதலில் என்ன கேட்பீர்கள்?

"ஆள் சரியான கண்டிப்பு. அவர் லைனுக்குள்ள வந்தா ஒரு சத்தம் இருக்காது." எங்கள் மட்டக்களப்புப் பக்கம் ஒரு சுப்பவைசரைப் புகழ்வதென்றால் இப்படித்தான் சொல்வார்கள். எனக்கு இதைக் கேட்டாலே ஊசிதான் ஞாபகம் வரும்.

நான் ஐந்து வருடம் ஒரு கார்மென்டில், அதாவது உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில், மெஷினில் இருந்தவள். அங்கே ஊசி முறிந்தால் மெஷினை நிறுத்த வேண்டும். முறிந்த துண்டு எல்லாவற்றையும் தேடிப் பொறுக்கி, தாளில் பொருத்தி டேப் ஒட்டி, முழு ஊசியாகக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் பக்கத்தில் கிடக்கிற உடுப்பெல்லாம் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். நாங்கள் தைத்தது குழந்தைகளின் உடுப்பு. ஏன் இவ்வளவு கெடுபிடி என்று விளங்கும்தானே.

எங்கள் முதல் சுப்பவைசர் அந்தக் கண்டிப்பான ஆள். ஊசி முறிந்ததென்று கை உயர்த்தினால், "டார்கெட்ட உங்கட அப்பாவா வந்து முடிப்பார்?" என்று லைன் முழுக்கக் கேட்க ஏசுவார். கொஞ்ச நாளில் பிள்ளைகள் டவுனில் ஊசி வாங்கி பேக்கில் ஒளித்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். முறிந்தால் சத்தமில்லாமல் மாற்றுவது, துண்டைக் காலால் தள்ளுவது. அவருடைய கொப்பியில் ஊசி முறிவு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான். மேலிடத்தில் அவருக்கு நல்ல பெயர்.

அவர் மாறிப்போக ஒரு மிஸ் வந்தார். எனக்குப் பக்கத்துப் பிள்ளை பயந்து பயந்து கை உயர்த்த, வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "கையில குத்திச்சா மகள்?" பிறகு தானே காந்தத்தோடு மெஷினுக்குக் கீழே குனிந்து தேடினார். அந்த மாதம் கொப்பியில் ஊசி முறிவு பத்தைத் தாண்டியது. உங்கட லைன் ஏன் இப்படிப் போகுது என்று மனேஜர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டாராம்!

ஹார்வர்டில் படிப்பிக்கும் ஏமி எட்மண்ட்சன் 1990களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனவருக்கு, அங்கேதான் கூடுதலான பிழை பதிவாகியிருந்தது. அந்தக் குழுக்கள் பிழையை மறைக்காமல் சொல்கின்றன என்பது பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது. எங்கள் மனேஜருக்குப் பிடிபடவே இல்லை.

அதற்காகச் சிரித்துக் கதைத்தால் போதும் என்று சொல்ல வரவில்லை. வாய் நிறைய மகள், தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே, ஈ.பி.எப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்ட வேண்டிய 12 வீதத்தைக் கட்டாமல் விடுகிற ஆட்களையும் கண்டிருக்கிறேன். அது இன்னொரு நாளைக்கு.

இப்போது கல்லடியில் மூன்று மெஷினோடு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். போன கிழமை ஒரு கலியாணப் பிளவுஸ் துணியைக் காணவில்லை. தேடித் தேடிக் கடைசியில் வெட்டுத்துண்டுப் பைக்குள் கிடந்தது, கழுத்து பிழையாக வெட்டுப்பட்டு. பிள்ளை இரண்டு நாளாக ஒளித்து வைத்திருக்கிறாள்.

"சொன்னா ஏசுவீங்க எண்டு பயம் அக்கா" என்றாள்.

நான் ஏசுகிற ஆளா என்று மற்ற இரண்டு பேரையும் பார்த்தேன். ஒருத்தியும் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.