சாமி கடக்கும் அந்தப் பத்து நிமிடம் ஸ்பீக்கரை நிறுத்துங்கள்

நேற்று மயிலாப்பூரில் அறுபத்துமூவர். மதியம் இரண்டரை மணிக்கு வாயில் வைத்த சீவாளியை, அதாவது நாதஸ்வரத்தில் ஊதும் முனையை, இறக்கும்போது இரவு பத்து தாண்டிவிட்டது. உதடு இன்னும் எரிகிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஆறப்போட்டால் எழுத மாட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்காக முதலில் கொஞ்சம். கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழா பத்து நாள். ஏழாம் நாள் தேர். எட்டாம் நாள் காலையில் சம்பந்தர் பூம்பாவையை உயிர்ப்பித்த ஐதீகம். அன்று பிற்பகல் நாயன்மார்கள் அறுபத்துமூன்று பேரும் சின்னச் சின்னப் பல்லக்குகளில் மாட வீதி வருவார்கள். கபாலி வெள்ளி விமானத்தில். முண்டகக்கண்ணி அம்மன், கோலவிழி அம்மன் என்று அக்கம்பக்கத்துச் சாமிகளும் வந்து சேர்ந்துகொள்வார்கள். அப்படிச் சேர்ந்துகொண்ட ஒரு சின்னக் கோயில் சாமிக்குத்தான் எங்கள் செட். நாதஸ்வரம் நானும் என் அத்தை மகனும், தவில் இரண்டு பேர், தாளத்துக்கு ஒரு பையன், அவன் தோளிலேயே சுருதிப் பெட்டி.

பங்குனி வெயிலில் தார் ரோடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சாமி முன்னால் செருப்புப் போட மாட்டோம். தெருக்காரர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஈரத்தைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தோம். வெயிலில் காலைவிடக் கஷ்டம் சீவாளிக்குத்தான். அது நாணல். காய்ந்தால் வாய் இறுகிவிடும், பேசாது. அதிகம் நனைந்தால் தொளதொளவென்று ஆகிவிடும். வாத்தியத்தில் நூல் கட்டி நாலைந்து சீவாளி தொங்குமே, அது அலங்காரத்துக்கு இல்லை. நேற்று மூன்று மாற்றினேன். ஒவ்வொரு முறையும் எச்சிலில் ஊறவைத்து, வாத்தியத்தின் உச்சியில் உள்ள கெண்டை என்ற சின்னக் குழாயில் செருகி, சுருதி சேர்கிறதா என்று மெதுவாக ஒரு சட்ஜம் பிடித்துப் பார்க்க வேண்டும். அந்த அரை நிமிடம் அத்தை மகன் ஒருவனே இழுத்துக்கொண்டு போவான்.

புறப்பாட்டுக்கு மல்லாரி. கம்பீரநாட்டை ராகம். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது, சுரமும் தாளமும்தான். அதை மூன்று காலத்தில் வாசித்து நிரவிக்கொண்டு போகும்போது, அடுத்த தெருவில் சமையற்கட்டில் இருப்பவருக்குக்கூடச் சாமி கிளம்பிவிட்டது தெரிந்துவிடும். தீர்த்தம் வந்தால் ஒரு மல்லாரி, தளிகைக்கு, அதாவது நைவேத்தியத்துக்கு, ஒரு மல்லாரி, தேருக்கு ஒரு மல்லாரி. எது நடக்கிறது என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்ள ஊர் வைத்திருந்த ஏற்பாடு இது. கச்சேரிக்கு முன் வாசிக்கும் அயிட்டமாகத்தான் இன்றைக்குப் பலருக்கு மல்லாரி தெரியும். அது தெருவில் பிறந்தது.

வாத்தியமும் அப்படித்தான். பாரி என்கிற நீளமான நாதஸ்வரம் மூன்றடிக்குக் கொஞ்சம்தான் குறையும். என்னுடையது நரசிங்கம்பேட்டையில் செய்தது. 2022இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே ஊர். பழைய வீடு பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி எடுத்துக் கடைவார்கள். ஒரு குடும்பத்துக்கு நிழல் தந்த தூண், நாதஸ்வரமாகித் திரும்பவும் தெருவுக்கு வருகிறது. இதற்கு மைக் வேண்டாம். ஆம்ப்ளிஃபயர் என்ற பொருளே இல்லாத காலத்தில், ஆயிரம் பேர் நடுவில் கேட்க வேண்டும் என்றுதான் இதைச் செய்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தெற்கு மாட வீதி தாண்டிக் குளக்கரைப் பக்கம் திரும்பினோம். அங்கே ஒரு பக்கம் கட்டிடம், ஒரு பக்கம் தண்ணீர். வாசிப்பவனுக்கு அது சிரமமான இடம். சுவர் இருந்தால் நம் சத்தம் நமக்கே திரும்பி வரும். குளத்தின் மேல் போன சத்தம் போனதுதான். இன்னும் கொஞ்சம் மூச்சு கொடுக்க வேண்டும். கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பந்தல் வந்தது. நீர்மோர், தயிர்சாதம், எல்லாம் வாரி வாரிக் கொடுக்கிறார்கள். பந்தலின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். அதில் சினிமா மெட்டில் ஒரு பக்திப் பாட்டு, குத்துத் தாளத்தில்.

எனக்கும் தவில் மாமாவுக்கும் இடையில் மூன்றடி இருக்கும். அவர் கழி விழுவதைக் கண்ணால் பார்த்தேன். காதில் விழவில்லை. அவருக்கு நானும் கேட்கவில்லை. அவர் என் விரலைப் பார்த்து வாசிக்கிறார், நான் அவர் கழியைப் பார்த்து வாசிக்கிறேன். தாளப் பையன் பயந்துபோய் எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, அப்படியே ஓட்டினோம். மூன்றாவதில் தாளம் விட்டுப்போய்விட்டது.

அதுகூடப் பரவாயில்லை. பின்னால் பல்லக்கு தடுமாறியது. பல்லக்கு தூக்கும் சீர்பாதந்தாங்கிகள் சும்மா நடப்பதில்லை. தவில் சொல்லுக்குக் கால் வைப்பார்கள். முன்தண்டில் இருப்பவருக்குப் பின்தண்டில் இருப்பவர் கால் தெரியாது, அவர்களை ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது அந்த அடிதான். முன்னால் இருந்தவர்கள் ஸ்பீக்கர் பாட்டுக்குக் கால் மாற்றிவிட்டார்கள், பின்னால் இருந்தவர்கள் இன்னும் தவிலிலேயே இருந்தார்கள். பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ “ஏய், நிறுத்து, நிறுத்து” என்று கத்தி, முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தினார்கள். யாருக்கும் அடி இல்லை. அந்த நேரத்தில் பெரியவர் ஒருவரின் தோளில் தண்டு இறங்கி அழுத்தியதும் அவர் முகம் போன போக்கும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பந்தலில் இருந்த பையனிடம் சைகை காட்டினேன். கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தான். பாட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலையிலிருந்து வெயிலில் நின்று யாரென்றே தெரியாதவர்களுக்கு மோர் ஊற்றுகிற பிள்ளை அவன். மேளம் வந்தால் பாட்டை நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

“திருவிழான்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்” என்பார்கள். இருக்கட்டுமே. சம்பந்தரே மயிலைப் பதிகத்தில் பங்குனி உத்திரத்தை ‘ஒலிவிழா’ என்றுதான் சொல்கிறார். நான் அமைதி கேட்கவில்லை. கயிலாய வாத்தியக் குழுக்கள் எங்களுக்கு முன்னால் போனார்கள். கொம்பும் சங்கும் பெரிய முரசும் எங்களைவிடப் பல மடங்கு சத்தம். ஆனால் அது மனிதன் கை. அவர்களுக்கும் கண் இருக்கிறது, காது இருக்கிறது. நாங்கள் ராகம் எடுத்தால் இடைவெளி விட்டுத் தள்ளிப் போவார்கள். நாங்களும் அவர்கள் அடி ஓயட்டும் என்று நிற்போம். ஸ்பீக்கர் பெட்டிக்கு அந்தக் காது கிடையாது. சாமி வந்தாலும் பாடும், போனாலும் பாடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சபாவில் நாதஸ்வரக் கச்சேரி வைக்கவில்லை, வைத்தாலும் மங்கல இசையோடு முடித்து அனுப்பிவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். நியாயமான வருத்தம். நானும் மேடையில் வாசிக்கிறேன், மேடை வேண்டும். ஆனால் எங்களுக்கு ஏற்கெனவே ஒரு சபா இருக்கிறது. அதற்கு டிக்கெட் இல்லை, கதவு இல்லை. பலூன் விற்கிறவரும் கேட்கலாம், பால்கனியில் நிற்கிற பாட்டியும் கேட்கலாம். அந்தச் சபா எங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருப்பதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

வடக்கு மாட வீதிக்குள் வரும்போது இரவாகிவிட்டது. அங்கே இன்னொரு பந்தல். அதிலும் ஸ்பீக்கர், அதிலும் பாட்டு. நாங்கள் இன்னும் நூறு அடி தூரத்தில் இருக்கும்போதே, வெள்ளை வேட்டியில் ஒருவர் எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் கட்டிடம் உள்ள தெரு அது. சத்தம் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மதியத்திலிருந்து வாசித்ததில் என் வாசிப்பு எனக்கே முழுதாகக் கேட்டது அங்கேதான். பல்லக்கை இறக்கி முட்டுக் கொடுத்தார்கள். நான் காம்போதி ராகம் எடுத்தேன். அப்பாவின் தோளில் காதைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை மெதுவாகக் கையை எடுத்தாள். தவில் மாமா வாசிக்க விரலில் மாட்டிய கூட்டைக் கழற்றாமலே இடது கையில் பானகம் வாங்கிக் குடித்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டினார். கூட்டத்தில் யாரோ “ஆகா” என்றார்கள். மேலே பஞ்சமத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போது பல்லக்கைத் தூக்கிவிட்டார்கள். முடிக்க முடியவில்லை, நடையைக் கட்டினோம்.

மாட வீதியில் பந்தல் போடும் நண்பர்களே, பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. நாள் முழுக்கப் போடுங்கள். உங்கள் பந்தலுக்கு முன்னால் மேளம் வந்து கடக்கிறவரை மட்டும், ஒவ்வொரு சாமிக்கும் பத்து நிமிடம், நிறுத்திவையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு பெரியவரை உட்காரவைத்தால் போதும்.

அந்த வெள்ளை வேட்டிக்காரரிடம் பெயர் கேட்க நேரமில்லை. ஐயா, இது யார் மூலமாவது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை எழுதுங்கள். அடுத்த பங்குனிக்கும் அதே சாமியோடுதான் வருவோம். பாதியில் விட்ட காம்போதியை உங்கள் பந்தல் முன்னால் நின்று முழுதாக வாசிக்கிறேன்.