செல்வம் செல்வியாக மாட்டான்

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வீடியோவை எல்லாரும் பார்த்தாச்சு. எனக்கே ஒன்பது பேர் அனுப்பிவிட்டார்கள். "குடும்பப் பொம்பளை குடும்பத்தை எழுதினா வீடு நல்லா இருக்கும். இவங்க வீட்டுக்காரரை நினைச்சாத்தான் பாவமா இருக்கு" என்று மேடையில் அந்த அண்ணாச்சி சொன்னதும், கூட்டம் சிரித்ததும், அப்புறம் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கதைக்குப் போனதும் எல்லாம் அதில் இருக்கிறது. "உன் பேரைச் சொல்லலையே, நீ ஏன் எடுத்துக்கிடுத?" என்று இப்போது சமாதானம் பேச வருகிறார்கள். பாளையங்கோட்டையில் இரண்டு ஆண்களின் காதலைத் தொடர்கதையாக எழுதுகிற, ரெண்டு பிள்ளை பெற்ற பெண் எத்தனை பேர் இருக்கிறோம்? பேர் வேறு சொல்ல வேண்டுமா?

நான் கேட்பது ஒன்றுதான். கதையைப் பற்றிப் பேசுங்கள். நடை சரியில்லை என்று சொல்லுங்கள். இழுக்கிறேன் என்று சொல்லுங்கள். என் கதையில் வருகிற இசக்கி பேசுவது அம்பாசமுத்திரம் பக்கத்துப் பேச்சு மாதிரி இல்லை என்று சொல்லுங்கள், உட்கார்ந்து திருத்துகிறேன். என் வீட்டை மேடைக்கு இழுக்காதீர்கள்.

சிறுகதைத் தொகுப்பு ஒன்றிலிருந்து என் செல்வம்-இசக்கி கதையை எடுத்துவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியும். எப்படி எடுத்தார்கள் என்பது தெரியாது. அன்று சின்னவளுக்குப் பிறந்தநாள், வீட்டில் தேங்காய்ப்பால் சொதி. சொதி வைக்கிறவர்களுக்குத் தெரியும், மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வெந்து, பருப்பும் சேர்ந்த பிறகு கடைசியில்தான் கெட்டியான முதல் பால். ஊற்றி நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதிக்க விட்டால் திரிந்துவிடும். நான் முதல் பாலை ஊற்றிக்கொண்டிருக்கும்போது தொகுப்பாசிரியர் போன் செய்தார்.

"எம்மா, கதை அருமையா வந்திருக்கு. புரூஃப் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணே ஒண்ணு. செல்வத்தைச் செல்வின்னு ஆக்கிருவோம். ரெண்டெழுத்து. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், நானே பாத்துக்கிடுதேன்."

"அப்போ கதை என்னாகும் அண்ணாச்சி?"

"கதைக்கு என்ன? காதல் காதல்தானே."

முடியாது என்று சொல்லி, அவர் திரும்பச் சொல்லி, நான் திரும்பச் சொல்லி, போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பால் திரிந்து தண்ணீர் தனியாக நிற்கிறது. பிள்ளை பிறந்தநாளுக்கு வைத்தது. மூன்றாம் நாள் கதை தொகுப்பில் இல்லை.

ரெண்டெழுத்தா? மகர மெய்யை எடுத்துவிட்டு வகரத்தின் தலையில் ஒரு குறியைப் போட்டால் செல்வம் செல்வி ஆகிவிடும், சரிதான். அந்தக் குறிக்குத் தமிழில் மேல்விலங்கு என்று பெயர். ஆனால் தமிழில் எழுதுகிறவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா, ஒவ்வொரு வினையும் முடிகிற இடத்தில் ஆணா பெண்ணா என்று வந்துவிடுகிறது என்று? செல்வம் வந்தான். நின்றான். சில்லறை கேட்டான். பதினான்கு பக்கத்திலும் வரிக்கு வரி அவன் ஆண் என்று எழுதியிருக்கிறேன்.

இலக்கணத்தை விடுங்கள், கதையே அங்கேதான் இருக்கிறது. செல்வம் பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன். இசக்கி மினி பஸ் கண்டக்டர். ராத்திரி பதினொரு மணிக்குக் குறுக்குத்துறைக் கல்மண்டபத்தில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆற்றில் குளித்துவிட்டு வருகிறவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. செல்வத்தின் அம்மை இசக்கிக்குச் சோறு போடுகிறாள், ஒரே பாயில் படுக்கச் சொல்லிப் போர்வையும் கொடுக்கிறாள், மகனுடைய கூட்டாளி என்று. அங்கே செல்வி உட்கார்ந்திருந்தால் மறுநாள் காலையில் இரண்டு தெருவிலும் அரிவாள் எடுத்திருப்பார்கள், நம்ம ஊர் தெரியாதா? கண்ணுக்கு எதிரே இருந்தும் ஒருத்தர் கண்ணிலும் படாத இரண்டு பேரின் கதை அது. செல்வியை உட்கார வைத்தால் அது வேறு யாரோ எழுதிய கதை. அதைத்தான் எட்டுப் பேர் ஏற்கெனவே அந்தத் தொகுப்பில் எழுதியிருக்கிறார்களே.

காதல் காதல்தான் என்றால் செல்வமாகவே இருக்கட்டுமே அண்ணாச்சி. ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?

சரி, மேடையில் பேசியவர் என் வீட்டுக்காரரை நினைத்துப் பாவப்பட்டார் அல்லவா. என் வீட்டுக்காரர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். என் கதைகளை விழுந்து விழுந்து படிக்கிறவர் இல்லை. ஆரம்பத்தில் இரண்டு நாள் என்னிடம் பேசாமல்கூட இருந்தார். அப்புறம் ஒன்று மட்டும் கேட்டார், "சொந்தப் பேர்ல வேண்டாம், சின்னவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்" என்று. எனக்கு அதில் வருத்தம்தான். இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் வேறு பெயரில் எழுதச் சம்மதித்தேன். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது புரியும். காலையில் நாலரைக்கு எழுந்து, தண்ணீர் வருகிற வரைக்கும் ஒரு மணி நேரம், அதுதான் என்னுடைய நேரம். ஆறு வருஷமாக அந்த நேரத்தில் வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. விளக்கு வெளிச்சம் முகத்தில் படுகிறது என்று அவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார், அணைக்கச் சொன்னதில்லை. இந்த மனுஷருக்குத்தான் ஒரு அரங்கமே அனுதாபப்பட்டுச் சிரிக்கிறது.

அத்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், "மாமியார் இருக்கிற வீட்டில் இதெல்லாமா" என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு எழுபத்தொன்று. கண் சரியில்லாததால் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துத் தொடர்கதை படிப்பார்கள். ஒருநாள் என் கதையே மாட்டிக்கொண்டது. நான் அடுக்களையில் நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். படித்துவிட்டு வந்தவர்கள், "ஏட்டி, அந்த இசக்கிப் பயலுக்கு அம்மை இல்லையா? யாரு அவனுக்குச் சோறு போடுதா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் செல்வத்தின் அம்மை கதைக்குள் வந்தாள். எழுத்தாளர்கள் யாரும் எனக்கு அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டு எழுதுகிறேனாம். விருத்தாசலம் என்பவர் புதுமைப்பித்தன் என்று எழுதினார். அவர் புழங்கிய வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறார்கள். பெண்ணுக்கு ஆண் மனசு எப்படித் தெரியும் என்றும் ஒரு கேள்வி. ரங்கராஜன் என்ற ஆண் மனைவி பெயரான சுஜாதாவைப் போட்டுக்கொண்டு வாழ்நாள் முழுக்க எழுதினார். வாசகர்கள் கொண்டாடினார்கள், நானும் கொண்டாடினேன். ஆண்கள் காலகாலமாகப் பிரசவ வலியை எழுதுகிறார்கள், கைம்பெண்ணின் ராத்திரியை எழுதுகிறார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது மேடையில் கேட்டோமா? பணத்துக்காக எழுதுகிறாள் என்கிறார்கள். ஆமாம், பணமும் வருகிறது. போன வருஷம் வந்ததில் வாஷிங்மெஷின் வாங்கினேன்.

பண்பாடு என்று சொல்கிறவர்களுக்கு. இந்த நாட்டில் தன்பாலுறவைக் குற்றம் ஆக்கிய 377-வது பிரிவு 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. வயது வந்த இருவர் மனம் ஒத்து இருப்பது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே கிடையாது. இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 2021-இல் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்பு கேட்டு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கு முழுசாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு உத்தரவு எழுதினார். இவர்களை மரியாதையாகக் குறிப்பிட என்னென்ன சொற்கள் என்று தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழிலேயே பட்டியல் போட்டது. ஒரு நீதிபதி எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். நம்ம எழுத்தாளர்களுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் பேசியவர் பயன்படுத்திய சொல் எந்தப் பட்டியலிலும் இல்லை. என் மகனின் வகுப்பில் ஒருவனை ஒருவன் வைவதற்குப் பயன்படுத்துகிற சொல் அது.

மகனைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு. திங்கட்கிழமை சாயங்காலம் வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றான். அந்த வீடியோ அவன் கூடப் படிக்கிற பையனின் அப்பா போனில் இருந்திருக்கிறது. "உங்க அம்மாவா இது?" என்று கேட்டிருக்கிறார்கள். நான் என்ன சொல்லணும் என்று என்னிடம் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. நாலாயிரம் பேர் படிக்கிற தொடர் எழுதுகிறேன், என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சொல்ல ஒரு வரி கொடுக்கத் தெரியவில்லை. அந்த அண்ணாச்சிக்கும் இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் எழுதியதற்கு அந்தப் பிள்ளைகளை யாராவது எங்கேயாவது பதில் சொல்ல வைத்திருக்கிறார்களா?

ஒரே ஒரு விமர்சனம்தான் என்னை உண்மையிலேயே தூங்கவிடாமல் செய்தது. அது எழுத்தாளரிடமிருந்து வரவில்லை. தன்பாலீர்ப்பு உள்ள ஒரு வாசகர், போன வருஷம் எழுதினார். "உங்கள் கதையில் யாருக்கும் பயமே இல்லை அக்கா. எங்கள் வாழ்க்கையைப் பலகாரம் மாதிரி செய்து தட்டில் வைக்கிறீர்கள்." அன்றைக்குக் கோபத்தில் அவருக்குப் பதில் போடவில்லை. இப்போது சொல்கிறேன், அவர் சொன்னதில் பாதி சரி. அதற்குப் பிறகுதான் நான் கதைக்குள் வாடகை வீட்டைக் கொண்டுவந்தேன், குடும்ப அட்டையைக் கொண்டுவந்தேன். கடைசியில் கல்யாணமாவது பண்ணி வைங்களேன் என்று கேட்கிற வாசகிகள் இருக்கிறார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கல்யாணத்தை ஏற்க மறுத்துவிட்டது. நான் எங்கே போய் அவர்களுக்குத் தாலி கட்டி வைப்பேன்? இரண்டு பேர் பெயரையும் ஒரே குடும்ப அட்டையில் சேர்க்கலாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னதே 2024-இல்தான். இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனாலும் அவர்களைச் சந்தோஷமாக வைக்கத்தான் எனக்குப் பிடிக்கிறது, அதை விடமாட்டேன்.

ஏனென்றால் திருப்பூரில் இரவு ஷிப்ட் பார்க்கிற முக்கூடல் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு படிப்பானாம். காய்ச்சல் வந்து இரண்டு வாரம் நான் அத்தியாயம் போடாமல் இருந்தபோது அவனிடமிருந்து ஒரு வரி வந்தது. "அக்கா, செல்வம் நல்லா இருக்கானா?" அவனிடம் போய்ச் செல்வி ஆகிவிட்டான் என்று சொல்லச் சொல்கிறீர்களா?

இவ்வளவு எழுதிய பிறகு இதையும் எழுதிவிடுகிறேன். அண்ணாச்சி பேசியதுகூட எனக்குப் பெரிதில்லை. அவர் அப்படித்தான் பேசுவார். வீடியோவில் கூட்டத்தைக் காட்டுகிற இடத்தில் மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு வருஷப் பழக்கம். அவளுடைய முதல் நாவலை நாலு தடவை படித்துத் திருத்திக் கொடுத்தது நான். அவளுக்கு ஆபரேஷன் ஆனபோது இருபது நாள் அவள் பிள்ளைகள் என் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். என் முதல் அத்தியாயத்தை நான் யாருக்கும் காட்டாமல் அவளுக்கு மட்டும்தான் காட்டினேன். செல்வம் என்ற பெயரே அவள் வைத்தது. அவள் சிரிக்கிறாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அந்த மூன்று விநாடியை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது, சும்மா இருமியிருப்பாளோ என்று. இருமவில்லை.

"மனசுல வச்சுக்கிடாதே, அங்க எல்லாரும் சிரிச்சாங்க" என்று அன்று ராத்திரி செய்தி அனுப்பியிருந்தாள். எல்லாரும் சிரிக்கட்டும். உனக்குச் செல்வத்தைத் தெரியுமே.

தொடர் நிற்கிறதா என்று கேட்டவர்களுக்கு: நிற்கவில்லை. இன்று காலையும் நாலரைக்கு எழுந்தேன். செல்வமும் இசக்கியும் பெருமாள்புரத்தில் வீடு பார்க்கப் போகிற அத்தியாயம் புதன்கிழமை வரும். அண்ணன் தம்பி என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். வீட்டு ஓனர் 60,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார். அவர்களிடம் 45,000தான் இருக்கிறது.